நிமாய்தாவின் கையும் என் மூக்கும்

"மூணு மாசம் மருந்து போட்டும் பரவிக்கிட்டேதான் இருக்கு. நிறுத்திடலாம்," என்றார் டாக்டர், நான் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டே. எதிரே உட்கார்ந்திருந்த நிமாய்தாவின் முகம் விழுந்துவிட்டது.

டிஜிட்டல் கேமரா வந்த புதிது. கொல்கத்தாவில், கரியாஹாட்டில் ஒரு தோல் கிளினிக்கில் போட்டோ எடுப்பது என் வேலை. நிமாய்தா பக்கத்து மார்க்கெட்டில் மீன் விற்பவர். முன்கையில் வெண்புள்ளி வந்ததிலிருந்து ஜனங்கள் அவர் கையால் மீன் வாங்கக் கூசினார்கள்.

"இன்னும் கொஞ்ச நாள் பாருங்க டாக்டர்பாபு. கடையை மூடிட்டு நான் எங்க போறது?" என்று கெஞ்சினார்.

எங்கள் முறை சுலபமானது. இருட்டறையில் உட்ஸ் லாம்ப் என்கிற ஊதா விளக்கைக் காட்டினால் வெண்புள்ளி பளீரென்று ஒளிரும். அதே தூரம், அதே கோணத்தில் படம் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும். மருந்து தொடங்கியபோது, துர்கா பூஜைக்கு முன் எடுத்த படத்தில் உள்ளங்கை அளவுதான் இருந்தது. இப்போது முன்கை முழுக்க ஜொலித்தது.

உற்றுப் பார்த்தேன். சட்டைக் கை ஓரமும் ஜொலித்தது. சட்டைக்கு எங்கேயாவது வெண்புள்ளி வருமா?

"நிமாய்தா, கையில என்ன தடவியிருக்கீங்க?"

"க்ரீம்தான் தீதி. ஐஸ்ல கை வெடிக்குது."

குளிர் வந்துவிட்டால் வங்காளி வீடுகளில் உதடு, குதிகால், காயம் எல்லாவற்றுக்கும் ஒரே க்ரீம்தான். அந்த விளக்கில் அதுவும் ஒளிரும். அதனால்தான் படம் எடுக்குமுன் சோப்புத் தண்ணீரால் நான் துடைத்துவிட வேண்டும் என்று விதி. எல்லோருக்கும் துடைப்பேன், இவருக்கு மட்டும் துடைத்ததே இல்லை. மீன் வாடைதான் காரணம். கார்டன் ரீச்சில் ரயில்வே வேலை பார்க்கும் கணவரோடு கொல்கத்தா வந்து பதினோரு வருஷம் ஆகியும் என் சைவ மூக்கு மட்டும் மயிலாப்பூரிலேயே நின்றுவிட்டது.

"தப்பு என்னோடது டாக்டர். துடைக்காம எடுத்துட்டேன். இன்னொரு படம் எடுக்கறேன்," என்றேன். டாக்டர் முறைத்தார். திட்டு வாங்கிக்கொண்டேன்.

இருட்டறையில் பஞ்சோடு கிட்டே போனதும் நிமாய்தா கையை இழுத்துக்கொண்டார். "வேணாம் தீதி, நாத்தம் அடிக்கும். உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். நானே கழுவிக்கறேன்."

அவமானமாக இருந்தது. அவர் கடையில் முகம் சுளித்தவர்களைப் பற்றி வீட்டில் எவ்வளவு குறை பேசியிருக்கிறேன்.

"குடுங்க," என்று கையைப் பிடித்து முழங்கை வரை துடைத்தேன்.

புதிய படத்தில் புள்ளி, பூஜைக்கு முன் இருந்ததில் பாதியாகியிருந்தது. நடுவில் மிளகைத் தூவினாற்போல் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது. டாக்டர் மருந்தைத் தொடர எழுதிக்கொடுத்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கேமராவைத் தொடுமுன் துடைத்துவிடுங்கள், யார் கையாக இருந்தாலும்.