கட்டியைக் காட்டிக்கொடுத்தாள் மாரியாத்தா

போன சித்திரையில் முந்திரிக்கொட்டை மூட்டையைத் தூக்கும்போது, தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் போல ஒரு கட்டி புடைத்தது. படுத்தால் காணாமல் போனது. எழுந்து வேலை பார்த்தால் மறுபடி வந்தது. மாதக்கணக்கில் இப்படியே. அலுத்துப் போனேன்.

கந்தர்வக்கோட்டையில் எல்லாரும் டாக்டர்தான். மருந்துக்கடைக்காரர் வாயு என்றார். பக்கத்து வீட்டுக்காரி கர்ப்பப்பைக் கட்டி என்றாள். என் நாத்தனார் செல்வி, "யாரோ சோத்துல மருந்து வச்சுட்டாங்க அண்ணி" என்றாள்.

"நம்ம வீட்டுல சோறாக்குறது நீதான்டி" என்றேன்.

என் அம்மா வயிற்றில் புற்று வந்துதான் செத்தாள். எனக்கும் அதுதானோ என்ற பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. மகள் பத்தாவது படிக்கிறாள்.

ஆடியில் எங்கள் மாரியம்மன் கோயிலில், கட்டி கரையட்டும் என்று என் வயிற்றில் மாவிளக்குப் போட்டார்கள். மல்லாந்து படுத்தேன். வயிற்றின் மேல் வாழை இலை, அதில் மாவிளக்கு. திரி எரிந்து முடிந்ததும் செல்வி தடவிப் பார்த்துக் குலவையிட்டாள். "கரைஞ்சு போச்சு அண்ணி!" எல்லாரும் கும்பிட்டார்கள். நான் எழுந்து நின்றேன். கட்டியும் வந்து நின்றது.

புதுக்கோட்டையில் ஒரு டாக்டர் படுக்க வைத்து அழுத்திப் பார்த்தார். வெறும் கேஸ் என்றார்.

"நின்னாத்தான் வரும் சார்" என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கோயிலுக்குப் போனேன். சூடம்கூட வாங்கவில்லை. "ஆத்தா, என்னால முடியல. தீத்து வைக்காட்டிப் போ. பாக்க வேண்டிய ஆளுக்குக் காட்டவாச்சும் செய்யி" என்று திட்டினேன். அழுகைகூட வரவில்லை.

அடுத்த வாரம் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கும் டாக்டரம்மா படுக்க வைத்துப் பார்த்தார். அங்கும் ஒன்றுமில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்கினேன். திடீரென்று இருமல் பிடித்தது. எனக்குச் சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நிற்காமல் இருமினேன்.

"அப்படியே நில்லுங்க!" என்றார் டாக்டரம்மா. அவர் கண்ணெதிரே கட்டி புடைத்து நின்றது. "குடலிறக்கம்மா இது. வயித்துச் சுவர்ல ஓட்டை. குடல் அது வழியா வந்து வந்து போவுது. மாட்டிக்கிச்சுன்னா உசுருக்கே ஆபத்து."

"புத்து இல்லையா?"

"இல்லம்மா." ஸ்கேனும் அதையே சொன்னது. அப்போதுதான் அழுதேன்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. பழைய பலம் இன்னும் வரவில்லை, வரும்போது வரட்டும். அந்த இருமலைக் கொடுத்தவள் மாரியாத்தாதான். யார் என்ன சொன்னாலும் நான் கேட்க மாட்டேன். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அவளிடம் போகிறேன். ஒன்றும் கேட்பதில்லை. சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

உங்களுக்கும் வந்து வந்து போகிற கட்டி இருந்தால், மறைந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். டாக்டரிடம் நின்று காட்டுங்கள், இருமிக் காட்டுங்கள். அவளிடமும் கேளுங்கள். நல்ல வார்த்தை வரவில்லையென்றால் திட்டியாவது கேளுங்கள். என்னை அவள் கோபித்துக்கொள்ளவில்லை.