வாவிக்கரைப் பதினொரு பேர்

எங்கள் ஊரில் கோயில் சடங்கு முடிந்ததும் கொப்பியில் எழுதிவைத்த பேரைக் குடிகுடியாகக் கூப்பிட்டுப் பிரசாதம் கொடுப்பார்கள். குடி என்பது தாய்வழிச் சொந்தம். ஆள் கனடாவில் இருந்தாலும் பேரை வெட்டமாட்டார்கள். அவருக்காக ஒரு மருமகன் கைநீட்டி வாங்குவான். அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான், பிரதேச சபைத் தேர்தலில் நின்ற அண்ணன் வாக்குக் கணக்குப் போட்டார். கொப்பியை எழுதியவள் நான். எனக்கும் புத்தி வேலை செய்யவில்லை.

"நம்மட ஆக்கள் இவ்வளவு பேர் இருக்கக்குள்ள ஆருக்கிட்டப் போய்க் கெஞ்சவேணும்?" என்றார்.

அந்த நாட்களில்தான் அவள் எங்கள் வாசல் படலைக்கு வந்தாள். மலையகத்திலிருந்து வந்து, வாவிக்கரை அரச காணியில் கொட்டில் போட்டு, இறால் பண்ணையில் கூலிக்கு நின்றவள். மூன்று கொட்டில்கள், பெரியவர்கள் பதினொரு பேர். வாக்காளர் பட்டியலில் பதிய, ஊர்ச் சங்கத் தலைவரான அண்ணனின் கடிதத்தைக் கிராம சேவகர் கேட்டிருந்தார். பட்டியலில் பேர் இல்லாவிட்டால் அவள் மகளுக்கு முதலாம் வகுப்பில் இடமில்லை.

"நீங்க சொல்ற ஆளுக்கே போடுறோம்கா," என்றாள்.

அண்ணனைக் கேட்காமலே சொன்னேன்: "வந்தான் வரத்தானுக்கெல்லாம் இஞ்ச ஓட்டு இல்ல. வந்த வழியப் பார்த்துப் போ."

உள்ளே அண்ணன் சிரித்தது கேட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

அண்ணன் ஏழு வாக்கில் தோற்றார். வென்றவர் வட்டாரத்தின் மறுகோடியில் இருந்த முஸ்லிம் வியாபாரி. அவர்கள் தெருவில் கத்தாருக்குப் போனவர்கள் திரும்பி வந்து வீடு கட்டுகிறார்கள், பிள்ளைகள் பெறுகிறார்கள். எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. கனடாக்காரர்கள் வாட்ஸ்அப்பில் துக்கம் விசாரித்தார்கள். நாசமாய்ப் போக.

"அந்த வாவிக்கரை ஆக்கள் எத்தின பேர் புள்ள?" என்று அண்ணன் கேட்டார்.

"பதினொண்டு."

அண்ணன் கொப்பியை மூடி வைத்தார். "போய்ச் சொல்லு, கடிதம் தாறன் எண்டு."

போனேன். பிளேன்டீ தந்தாள். வென்றவர் ஏற்கெனவே கடிதம் கொடுத்துவிட்டாராம். "மகளப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டோம்கா," என்றாள். குத்திக்காட்டவில்லை, சந்தோஷத்தில்தான் சொன்னாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அரச காணியில் அத்துமீறிக் குடியிருக்கிறார்கள் என்று அன்றே பெட்டிசம் எழுதினேன். அண்ணன் கையொப்பம் வைத்தார். அதிகாரிகள் வந்து கொட்டில்களைப் பிடுங்கினார்கள். எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

"அடுத்தமுறை அவனுக்குப் பதினொரு வோட்டுக் குறையும்," என்று அண்ணன் சோற்றைப் பிசைந்தார்.

அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போனது ஒன்றரை மாதம்.