நாகப் படத்தின் இரண்டாம் பாகம்

பிற்பகல் ஒன்றே முக்காலுக்குத் பிஜித் தீவின் தவுவா ஊர்த் தியேட்டர் வாசலில் முதலில் கண்ணில் பட்டவை டிக்கெட் கிழிப்பவரின் வெறுங்கால்கள். நாகப் படம் ஓடும் நாட்களில் அவர் செருப்புப் போடுவதில்லை. நரைத்த மீசை, வெளுத்த காக்கிச் சட்டை, தூக்கம் போதாத கண்கள்.

அது ஓர் இந்திப் படத்தின் இரண்டாம் பாகம். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, நாகப் பெண் ஒரு மனிதனைக் காதலித்து மணந்த முதல் பாகத்தின் கதையை அலுத்த குரலில் சொன்னார்.

“எதுக்கண்ணே எல்லாருக்கும் சொல்றீங்க?” என்று கேட்டேன்.

“மொத படம் பாத்தவங்க சிட்னி, ஆக்லாந்துன்னு பூட்டாங்க தம்பி. மிச்சம் இருக்கறவங்களுக்குக் கதை தெரியாது. புரியலேன்னா பாதியில எழுந்து பூடுவாங்க.”

ராணுவம் ஆட்சியைப் பிடித்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன; இந்தியர்கள் பலர் நாட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அவருடைய மகளும் சிட்னியிலிருந்து அவருக்கு விசா ஏற்பாடு செய்திருந்தாள்.

“நீங்க போகலியா?”

“மொத படத்தை ஜனங்க சீட்டு கெடைக்காம நடையில நின்னு பாத்தாங்க. இன்னிக்கும் ஹால் நெறஞ்சா இங்கயே இருந்துடுறேன்னு நாகம்மா சாமிகிட்ட சொல்லிட்டேன். இல்லேன்னா பிளேன் ஏற வேண்டியதுதான். பாம்புப் படத்துக்கே வராத ஜனம் வேற எதுக்கு வரும்?”

இரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினார். உள்ளே அவரோடு சேர்த்து ஒன்பது பேர் இருந்தோம்.