பொரியாகிப்போன நெல்லும் பன்னிரண்டு வேலைகளும்

ஓட்டமாவடியில் ஒரு அரிசி ஆலையின் நெல் உலர்த்திக்கு நான் செய்துகொடுத்த கன்ட்ரோலர் பெட்டி, முதல் நாளே நெல்லைப் பொரியாக்கியது. ஆலை முதலாளி ஹாஜியார் ஒரு பிடி அள்ளி என் கையில் போட்டார்.

"நான் காயவெக்கத்தான் கேட்டன், புள்ள. நீ பொரிச்சித் தந்திருக்கா."

வாயில் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பெட்டிக்குள் ஒரே ஒரு புரொசசர். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். தொடங்கியதை முடிக்காமல் விடாது. சூடு பார்ப்பது, ஈரம் பார்ப்பது, நெல்லை ஏற்றும் மோட்டாரை நிறுத்துவது என்று ஒன்பது வேலைகளோடு என் மேசையில் ஒழுங்காக ஓடியது. கடைசி நேரத்தில் ஹாஜியார் மூன்றைக் கூட்டினார். அன்று சூடு ஏறியதும் பெட்டி முதலில் ஹாஜியாரின் சொந்தக் குரலில் அறிவித்தது. அவருக்கும் மூன்று மகன்மாருக்கும் மெசேஜ் அனுப்பியது. சூட்டின் அளவைத் துண்டுச்சீட்டில் அச்சடித்தது. அதற்குப் பிறகுதான் நெருப்பு எரியும் பர்னரை அணைத்தது.

வேலை வரிசையில் பர்னரை முன்னுக்குப் போட்டேன். மோட்டார் நிற்கப் பிந்தி நெல் நிலத்தில் கொட்டியது. மோட்டாரை முன்னுக்குப் போட்டேன்; ஈரக் கணக்குப் பிழையானது. சரியான வரிசையை லப்டொப்பே தேடட்டும் என்று விட்டேன். பன்னிரண்டு வேலைகளுக்கு ஏறக்குறைய நாற்பத்தெட்டுக் கோடி வரிசைகள். ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை தொடங்கியது வியாழனிலும் முடியவில்லை. வெளியே வெல்லாவெளியிலிருந்து வந்த லொறிகளில் ஈர நெல் முளைக்கப் பார்த்தது.

"இன்னமும் தேடுதா?" என்றார் ஹாஜியார். "இன்னொரு சின்ன வேலையும் இருக்கு."

"அதையும் கூட்டினா பதின்மூன்று மடங்கு தேடணும், ஹாஜியார். இருக்கிறதில எது பிந்தலாம்?"

"ஒண்டும் பிந்தப்படா."

"உங்கட குரல்?"

அவர் வெளியே நின்ற லொறிகளை எண்ணத் தொடங்கினார்.

தேடலை நிறுத்தினேன். அறிவிப்பையும் மெசேஜையும் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் பர்னரையும் மோட்டாரையும் பார்க்க வைத்தேன். சனிக்கிழமை ஓட்டினோம். ஹாஜியாரின் குரல், "சூ... டு... கூ... டிட்டு" என்று வந்தது. தொழிலாளர்கள் மூட்டைகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"என்ட குரலுக்கு என்ன நடந்த?"

"இடையில இடையில நெருப்பப் பார்த்திட்டு வருது, ஹாஜியார்."

அவர் ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தார். "நெல்லு சரி. திக்கட்டும்."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எது பிந்தலாம் என்று வாடிக்கையாளரிடம் முதல் நாளே கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றும் பிந்தக்கூடாது என்பார்கள். அப்படிச் சொல்பவர்களுக்கு நான் இரண்டு பெட்டி விற்கிறேன்.