நான் தாய்மாமன் ஆன நாள்

எனக்கு எழுபத்தாறு வயது முடிந்துவிட்டது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். அதில் என் வயிற்றில் பிறந்தது ஒன்றுதான். மற்ற மூன்றும் எப்படி உன் பிள்ளைகள் என்று கேட்பவர்களுக்கு, எண்பதுகளின் நடுவில் மயிலம் கோயிலில் நடந்த ஒரு காதுகுத்தைத்தான் சொல்வேன்.

அப்போது திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை உடைக்கிற மில்லில் எனக்கு வேலை. புருஷன் விட்டுவிட்டுப் போனவள் நான். புருஷனை இழந்தவள் என் சிநேகிதி. ஆளுக்கொரு பையனோடு ரயில்வே கேட் பக்கம் ஒரே வீட்டில் குடியிருந்தோம். ஒரே அடுப்பு. அதே மில்லில் மூட்டை தூக்குகிற கிறிஸ்தவப் பையன் ஒருநாள், கிளியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். இரண்டு வீட்டிலும் சேர்க்கவில்லை. "உள்ள வாங்க, கூழு ஆறிப்போவுது" என்றாள் சிநேகிதி. வந்தவர்கள் அப்புறம் போகவே இல்லை.

அந்தப் பெண்ணுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டுமே! அவளுடைய அண்ணன் விழுப்புரத்தில் இருந்தான். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்து நேரில் போய் அழைத்தாள். அவன் தட்டை மட்டும் வாங்கிக்கொண்டான். "தட்டு வாங்கினவன் வராம இருப்பானா அக்கா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மயிலத்தில் மலையடிவாரத்தில் குழந்தைக்கு மொட்டை போட்டு, சந்தனம் பூசி உட்கார்ந்திருந்தோம். விழுப்புரம் பஸ் ஒவ்வொன்றாக வந்து போனது. இறங்குகிறவர்களையெல்லாம் அவள் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"நல்ல நேரம் போய்க்கினே இருக்குது. மாமன் எங்கம்மா?" என்றார் காது குத்தும் ஆசாரி.

பக்கத்துக் கூட்டத்தில் அவள் ஊர்க்காரி ஒருத்தி இருந்தாள். "ஓடிவந்தவ புள்ளைக்கு மாமன் எங்கேர்ந்து வருவான்?" என்று சத்தமாகவே சொன்னாள்.

பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வாணாம் அக்கா, வூட்டுக்குப் போயிடலாம்" என்றாள்.

எனக்கு எங்கிருந்து வேகம் வந்ததோ! சப்பணம் போட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டேன்.

"பொம்பள மடியிலயா?" என்றார் ஆசாரி.

"கூடப் பொறந்தவளுக்குக் கஷ்டம்னா நிக்கறவன்தானே மாமன்? நான் நின்னுக்கினுதான் இருக்கறேன். குத்துய்யா!"

சிநேகிதி சும்மா இருப்பாளா? குழந்தையின் அப்பன் தோளிலிருந்த துண்டை உருவி என் தலையில் உருமா கட்டினாள். "மீச ஒண்ணுதான் கொற, மச்சான்!" என்றாள். அழுதுகொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள். ஆசாரியும் சிரித்தபடியே ஒரு காதைக் குத்தினார்.

குழந்தை வீறிட்டு அழும்போதுதான் அண்ணன் வந்து நின்றான். கையில் தோட்டு டப்பா. இன்னொரு காது பாக்கி. உரியவன் வந்த பிறகு நான் உட்கார்ந்திருப்பது முறையல்ல என்று எழப்போனேன். அந்தப் பெண் என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"வாண்ணா. நீ வந்ததே சந்தோசம். தோட்டக் குடு, கூட இருந்து சாப்புட்டுப் போ. மடி மட்டும் இதுதான்."

அவன் என் உருமாவைப் பார்த்தான். பிறகு டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, குழந்தை ஆடாமல் தலையைப் பிடித்துக்கொண்டான். அடுத்த காதும் என் மடியிலேயே குத்தியாயிற்று.

பேச்சு வந்த நாளிலிருந்து அந்தக் குழந்தை என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். பின்னால் பிறந்த அவள் தம்பியும் அப்படித்தான். சிநேகிதி இப்போது இல்லை. அவள் மகன் என் மகனாக இருக்கிறான். எழவிடாமல் என் தோளை அழுத்திய அந்தக் கையின் பாரம் இன்னும் தோளிலேயே இருக்கிறது. ஒருவர் விட்டுவிட்டுப் போன எனக்கு இத்தனை பேரைக் கொடுத்தது அந்தக் கைதான்.

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். நான் சொல்லச் சொல்ல எழுதுவது, அன்று காது குத்திக்கொண்டவளின் மகள்; என்னை ஆயா என்று கூப்பிடும் பேத்தி.

ஏம்மா, மொதல்லேர்ந்து ஒருவாட்டி படிச்சுக் காட்டு. மாமான்னு நான் சொன்ன எடத்துல ஆயான்னு மாத்தி எழுதிட்டியான்னு பாக்கணும்.