சென்னை மிஷினில் சுருங்கிய கட்டி

நான் அஞ்சாவது தாண்டாதவன். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் ஈரத்தோல் சுமந்து தொடங்கி, சொந்தமாகத் தோல் அளக்கும் மிஷின் போட்டவன். எங்கள் பக்கத்தில் தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் விற்பார்கள். ஒரே தோல் என் மிஷினில் ஓர் அளவு காட்டும், வாங்குகிறவன் மிஷினில் கொஞ்சம் குறைத்துக் காட்டும். அதனால் சரக்கு கைமாறும் முன் அளவு தெரிந்த வட்டத் தகடு ஒன்றை இரண்டு மிஷினிலும் விட்டுப் பார்ப்பது வழக்கம். தகராறு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் சொன்னதற்கு மேல் யாரும் பேசியதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம் என் மனைவிக்கு ஈரலில் புற்றுநோய்க் கட்டி வந்தது. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். நாலு சென்டிமீட்டர்.

"மூணு மாசம் மருந்து குடுக்கலாம். சுருங்கினா ஆபரேஷன் பண்ணலாம். வளந்துட்டா பண்ண முடியாதுங்க ஐயா" என்றார் டாக்டரம்மா.

மூன்று மாதம் முடிந்ததும் அவளைக் காரில் சென்னைக்குக் கூட்டிப்போனேன். அங்கே புது மிஷின் வந்திருந்தது. வேலூரில் வரிசையில் உட்கார வைக்கவா நான் இவ்வளவு சம்பாதித்தேன்? வந்த தாளில் மூன்றரை என்று இருந்தது. மருந்தில் முடியெல்லாம் கொட்டிப்போயிருந்தவள், திரும்பும் வழியில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாலாஜா வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள்.

வேலூர் டாக்டரம்மா இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் மாட்டி நெடுநேரம் பார்த்தார்.

"இத வச்சு சுருங்கிடுச்சுன்னு சொல்ல முடியாதுங்க. அந்த மிஷின் மெல்லிசு மெல்லிசா சீவின மாதிரி படம் எடுக்குது. படத்துக்குன்னு போடற ஊசிய போட்டு எத்தனை நேரம் கழிச்சு எடுத்தாங்கன்றதும் வேற. கட்டியோட ஓரமே வேற மாதிரி தெரியும்."

"அது ஜாஸ்தி வெல மிஷின். அது பொய் சொல்லுமா?"

"பொய் இல்லீங்க. மொதல்ல பாத்த மிஷின்லயே, அதே மாதிரி இன்னொரு தடவ எடுத்துடலாம்."

ஒரு மிஷின் அளவை இன்னொரு மிஷின் அளவோடு ஒப்பிடக் கூடாது என்பது ஊருக்கெல்லாம் நான் சொல்லும் தீர்ப்பு.

ஸ்கேன் அறையில் மிஷின் ஓட்டுபவரிடம், "சரிபாக்கறதுக்குத் தகடு மாதிரி எதுனா வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"தண்ணி ரொப்பின டப்பா ஒண்ணு வச்சு டெய்லி பாக்கறோம் சார். எங்க மிஷினுக்கு அது போதும். மெட்ராஸ் மிஷினுக்கு நான் எப்டி ஜவாப் சொல்றது?"

படுத்திருந்தவள் தலையைத் திருப்பினாள். "இங்கயும் வந்து யாவாரம் பேசாதீங்க. வெளிய போங்க."

நாலரை என்று வந்தது. பக்கத்தில் முன்பு இல்லாத ஒரு சின்னப் புள்ளியும் இருந்தது.

வாங்குகிறவன் மிஷின் குறைத்துக் காட்டினால் பேரம் பேசி நடுவில் ஓர் அளவுக்கு வருவோம். அந்தப் பழக்கத்தில் டாக்டரம்மாவிடம், "மூணரையும் டாக்டர் எழுதினதுதானே. அத வச்சுப் பண்ணிடுங்க" என்றேன்.

"கத்தி வெக்கறது அந்தத் தாள் மேல இல்லீங்க ஐயா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

கார் பள்ளிகொண்டாவை நெருங்கும்போது அவள் வாய் திறந்தாள்.

"அந்த மூணரைய எங்கிட்ட காட்டாம இருந்திருக்கலாம்."

முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டாள்.

"இனிமே என்ன எந்த மிஷின்லயும் படுக்க வெக்காதீங்க."

சரி என்றேன். அதற்குப் பிறகு அளந்து பார்க்க வேண்டியும் இருக்கவில்லை. வயிறு வீங்குவது புடவைக்கு மேலேயே தெரிந்தது. மழை பிடிக்கும் முன் போய்விட்டாள்.