மூன்றாம் பாறையில் ஒரு தடயம்

1998 ஏப்ரல், ஞாயிறு காலை 6.10. பெங்களூர் கலாசிபாளையத்திலிருந்து கனகபுரா வழியாகச் சங்கமம் போகும் தனியார் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தொண்ணூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். டிக்கெட் இருபத்திரண்டு ரூபாய். பக்கத்தில் வசந்தா. ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. மாதம் ஒருமுறை காவிரிக் கரையில் நீர்நாய்களைத் தேடுகிறார்.

"பார்க்கக் கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"ஒன்றரை வருஷத்துல ரெண்டு தடவை பார்த்தேன். பாறையில எச்சம் கிடந்தா இருக்குன்னு அர்த்தம். 'கோயிலை விட்டுட்டு இதைப் பொறுக்கவா போறே'ன்னு அம்மா திட்டறாங்க."

9.40. சங்கமத்தில் பரிசல்காரர் மாதையன் காத்திருந்தார். பென்னாகரம் பக்கத்து ஆள், ஐம்பது வயது இருக்கலாம். கன்னத்தில் புகையிலை. வசந்தா வரும் நாட்களில் பரிசல் அவருக்கு மட்டும்தான்.

மேற்கிலிருந்து காவிரி வருகிறது. வடக்கிலிருந்து வரும் அர்க்காவதி அதில் சேர்கிறது. காவிரித் தண்ணீரை மேலேற்றிக் குடிக்கிற பெங்களூர், அதைச் சாக்கடையாக்கி விருஷபாவதியில் விடுகிறது. விருஷபாவதி அர்க்காவதியில் விழுகிறது. கோடையில் அர்க்காவதிக்கு வேறு தண்ணீர் அதிகம் இல்லை. சேருமிடத்தில் பச்சை நீரும் கறுப்பு நீரும் கொஞ்ச தூரம் கலக்காமல் ஓடின. கறுப்புப் பக்கத்துப் பாறைகளில் நுரை காய்ந்து ஒட்டியிருந்தது.

10.15. முதலில் கறுப்பு நீர் சேராத மேல்பகுதி. கரையோரமாக நடந்தோம். மூன்று இடங்களில் எச்சம், மீன் செதிலும் நண்டு ஓடுமாக. ஈர மணலில் விரலிடைத் தோல் பதிந்த காலடி. ஒரு மீன்கொத்தி. வசந்தா கணக்கெடுப்புப் படிவத்தில் 'உண்டு' என்று மூன்று முறை எழுதினார்.

12.30. பரிசலில், கறுப்பு நீர் கலந்த கீழ்ப்பகுதிக்கு இறங்கினோம். அங்கே வசந்தா நாலு பாறைகள் குறித்து வைத்திருக்கிறார். இரண்டு மாதமாக நாலிலும் ஒன்றுமில்லை. மூன்றாம் மாதமும் இல்லையென்றால் கீழ்ப்பகுதியைக் கைவிடுவது என்று முன்பே முடிவு. முதல் பாறை, வெறுமை. இரண்டாவதும் அப்படியே. ஒரு கெளுத்தி வயிறு மேலாக மிதந்து போனது.

"மேடம், இங்க பாருங்க!" மூன்றாம் பாறையில் மாதையன் கை காட்டினார். உச்சியில் ஒரு எச்சம்.

வசந்தா குனிந்து குச்சியால் தொட்டார். உடனே உருண்டது. "பாறையில போட்டது ஒட்டிக் காயும், சார். இது ஒட்டவே இல்லை" என்றார் என்னிடம். திருப்பிப் பார்த்தார். அடியில் மணல், மணலோடு பழுப்பாக ஒரு துணுக்கு. முகர்ந்தார்.

"மாதையண்ணா, நீர்நாய் எப்பத்திலிருந்து புகையிலை போடுது?"

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. மடியிலிருந்த புகையிலைப் பையைத் தொட்டுக்கொண்டார்.

"நேத்து மேல எடுத்தது மேடம். மேல இருக்கிறது ஒரு நாள் இங்க வராமயா போயிடும்?"

"வந்தா வரட்டும். நாம தூக்கிட்டு வரக் கூடாது."

"இல்லைன்னு எழுதினா நீங்க வரமாட்டீங்க. நீங்களும் வரலைன்னா இந்தப் பக்கம் வேற யாரு வந்து பாக்கப் போறாங்க?"

வசந்தா குச்சியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இருக்குன்னு எழுதினா இந்தத் தண்ணியில குறையே இல்லைன்னு ஆயிடும், அண்ணா. நாளைக்குச் சாக்கடை விடறவங்க இதே காகிதத்தைக் காட்டுவாங்க."

மாதையன் துடுப்பைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்தார். எச்சத்தை எடுத்து ஆற்றில் போட்டார். "எழுதுங்க."

நாலாம் பாறையிலும் ஒன்றுமில்லை. படிவத்தில் கூடப் போனவரும் கையெழுத்திட வேண்டும். மாதையனுக்குத் தன் பெயர் மட்டும் எழுத வரும். நாலு 'இல்லை'க்கும் கீழே நிதானமாக எழுதினார்.

மாலை 4.00. பஸ் கிளம்புமுன் மாதையன் ஜன்னலருகே வந்தார். "அந்த வெத்துத் தாளு நாலு குடுங்க மேடம். மாசாமாசம் அந்த நாலு பாறையையும் நானே பாக்கறேன். இருந்தா சுழி, இல்லாட்டி கோடு."

"ஏமாத்த மாட்டீங்களே?"

"இனிமே யாருக்காக மேடம் ஏமாத்தறது?"

வசந்தா கட்டோடு எடுத்துக் கொடுத்துவிட்டார். பஸ் கனகபுரா தாண்டியது. கோடுகள் வரும், சந்தேகமில்லை. ஒரு சுழி வருவதற்கு அந்தக் கட்டுத் தாள் போதுமா என்றுதான் தெரியவில்லை.